பீர் போலிஷ், முதலாளி வெளியூர்

ஜிவியெட்ஸ் பீர் பாட்டிலின் லேபிளைப் பார்த்தால் போலந்துக்காரர்களுக்கு நெஞ்சு விம்மும். கிராகூவ் பக்கத்து உடையில் ஓர் ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடிக்கொண்டிருப்பார்கள். ஒரு கிரீடம் இருக்கும். 1856 என்று வருடம் இருக்கும். மண், மரபு, மானம் மூன்றையும் ஒரே காகிதத்தில் அச்சடித்து அரை லிட்டர் பாட்டிலில் ஒட்டி விற்கிறார்கள்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். 1856இல் போலந்து என்று ஒரு நாடே கிடையாது. அந்தக் கிரீடம் போலந்து ராஜா யாரும் கழற்றி வைத்துவிட்டுப் போனதல்ல. ஆலையைக் கட்டியவர் ஆஸ்திரியாக்காரர். இன்றைய முதலாளி நெதர்லாந்துக் கம்பெனி. ஆடுகிற ஜோடி மட்டும்தான் அசல் போலிஷ். அவர்களுக்கு ஆலையில் கால் காசு பங்கில்லை.

ஆனாலும் நாலு போலந்துக்காரர்கள் சேர்ந்து குடித்தால் இரண்டாவது கிளாஸில் ஒரு புலம்பல் வந்துவிடும்: "வெளிநாட்டுக்காரன் வந்து நம்ம பீரைக் கெடுத்துட்டான்." கெடுத்தானா இல்லையா என்பது நாக்கு விவகாரம், அதில் நாம் தலையிட வேண்டாம். "நம்ம பீர்" என்கிறார்களே, அதைத்தான் கொஞ்சம் கிளற வேண்டியிருக்கிறது.

1772இல் ஆரம்பித்து 1795க்குள் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அண்டை வீட்டாரும் மூன்று தவணையில் போலந்தைப் பங்கு போட்டு முடித்துவிட்டார்கள். அடுத்த 123 வருடம் வரைபடத்தில் போலந்து இல்லை. தெற்கே பெஸ்கிட் மலையடிவாரத்தில், சோவா ஆற்றங்கரையில் இருந்த ஜிவியெட்ஸ் என்ற சிற்றூர் ஆஸ்திரியாவின் பங்கில் விழுந்தது. ஆஸ்திரியாவை ஆண்டது ஹாப்ஸ்பர்க் குடும்பம். கல்யாணம் கட்டியே பாதி ஐரோப்பாவைச் சேர்த்த குடும்பம் அது. கல்யாணத்தில் கிடைக்காததை விலைக்கு வாங்குவார்கள். 1838இல் ஆர்ச்ட்யூக் கார்ல், அதாவது 1809இல் ஆஸ்பெர்ன் போர்க்களத்தில் நெப்போலியனுக்கே தோல்வியைக் காட்டியவர், ஜிவியெட்ஸ் ஜமீனைக் காசு கொடுத்து வாங்கினார். விற்றவர்கள் வியெலோபோல்ஸ்கி என்ற போலிஷ் பிரபுக் குடும்பம். ஆக, "நம்ம சொத்து வெளிநாட்டுக்காரன் கைக்குப் போச்சு" என்ற கதையின் முதல் அத்தியாயத்தில் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவரே நம்மவர்தான்.

கார்லின் மகன் ஆல்பிரெக்ட்தான் ஆலையைக் கட்டியவர். இவரும் தளபதி. 1866இல் குஸ்டோசா போரில் இத்தாலியர்களைத் தோற்கடித்தார். ஆனால் அதே கோடையில் வடக்கே பிரஷ்யாக்காரர்கள் ஆஸ்திரியாவைப் புரட்டி எடுத்துவிட்டதால், ஜெயித்தும் வெனிஸை இத்தாலிக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அவர் ஜெயித்த போரால் ஆஸ்திரியாவுக்கு ஒரு பிடி மண் மிஞ்சவில்லை. அதற்குப் பத்து வருடம் முன்னால் மலையடிவாரத்தில் அவர் தொடங்கிய பீர் ஆலை இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. சரித்திரம் யாரை எதற்காக ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்!

தளபதிக்கு எதற்கு பீர் ஆலை என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து ஜமீன்தார்களுக்கு ஓர் அருமையான உரிமை இருந்தது. தன் எல்லைக்குள் மது காய்ச்சவும் விற்கவும் ஜமீன்தாருக்கு மட்டுமே அதிகாரம். வயலில் பார்லி விளைவிப்பவன் அவருடைய குடியானவன். பீப்பாய்க்கு மரம் அவருடைய காட்டில். ஆலை அவருடையது. அன்றைய கூலியைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சத்திரத்திலும் அவருடைய சரக்கு. காசு ஜமீன் எல்லையைத் தாண்டாமல் ஒரு சுற்று சுற்றிவிட்டு அவர் பைக்கே வந்து சேரும். இந்த உரிமை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஒட்டிக்கொண்டிருந்தது.

நேரமும் கூடி வந்தது. 1842இல் பக்கத்து பொஹீமியாவின் பில்சென் நகரில் பொன்னிறமான, கண்ணாடி மாதிரித் தெளிந்த பீர் வந்திருந்தது. அதைக் குளிரில் வாரக்கணக்கில் கிடத்தி வைக்க வேண்டும். மலைத் தண்ணீர், குளிர்காலப் பனிக்கட்டி, ஆழமான நிலவறை மூன்றும் ஜிவியெட்ஸில் தாராளம். ரயிலும் வந்து சேர்ந்ததும் ஆர்ச்ட்யூக்கின் சரக்கு ஊர் ஊராகப் போனது. 1881இல் ஆங்கிலேயப் பாணிக் கறுப்பு பீரான போர்ட்டரையும் காய்ச்ச ஆரம்பித்தார்கள். போலிஷ் ஊரில், ஆஸ்திரிய முதலாளி, ஆங்கிலேயச் சரக்கு. தேசபக்தி லேபிளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆல்பிரெக்டுக்கு ஆண் வாரிசு நிலைக்கவில்லை. 1895இல் அவர் கண்மூடியதும் சொத்து தம்பி பிள்ளைகளுக்குப் போனது. ஜிவியெட்ஸ் கிடைத்தது கார்ல் ஸ்டெபான் என்பவருக்கு. இவர் கடற்படை அட்மிரல். கடலே கதி என்று ஏட்ரியாட்டிக் கரையில் படகும் பாயுமாக வாழ்ந்த மனுஷனுக்கு, பக்கத்தில் சமுத்திரமே இல்லாத மலையூரில் பீர் ஆலை. வந்தார், பார்த்தார், ஒரு பெரிய திட்டம் போட்டார்.

அப்போது ஐரோப்பா முழுக்கத் தேசிய உணர்ச்சி பொங்கிக்கொண்டிருந்தது. போலந்து என்றாவது ஒருநாள் மறுபடி நாடாகும், அப்படி ஆனால் அதற்கு ஒரு ராஜா வேண்டும், அந்த ராஜா ஏன் நாமாக இருக்கக் கூடாது? இதுதான் அட்மிரலின் கணக்கு. அதற்கு முதல் படியாக அவர் போலிஷ்காரர் ஆனார். பிள்ளைகளுக்குப் போலிஷ் சொல்லிக்கொடுத்தார். தன் பெயரை கரோல் ஸ்டெஃபான் என்று போலிஷில் வழங்கினார். இரண்டு பெண்களை ராட்ஜிவில், சார்டோரிஸ்கி என்ற பழம்பெரும் போலிஷ் பிரபுக் குடும்பங்களில் கட்டிக்கொடுத்தார். மூத்தவள் மட்டும் அப்பாவின் திட்டத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒரு கடற்படை அதிகாரியைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அட்மிரல் வீட்டில் வேறு யார் கண்ணில் படுவார்கள்?

1916 நவம்பரில் திட்டம் பலிக்கிற மாதிரியே இருந்தது. உலகப்போரின் நடுவே ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் சேர்ந்து போலந்து ராஜ்யத்தை அறிவித்தன. ராஜ்யம் ரெடி, ராஜா மட்டும் இல்லை. பரிசீலனையில் இருந்த பெயர்களில் நம் பீர் முதலாளி பெயரும் உண்டு. இரண்டு வருடம் பரிசீலித்தார்கள். அதற்குள் பரிசீலித்த இரண்டு சாம்ராஜ்யங்களும் கவிழ்ந்து, 1918இல் போலந்து குடியரசாகப் பிறந்துவிட்டது. கிட்டத்தட்ட ராஜா! பிற்காலத்தில் இதே பீருக்கு "கிட்டத்தட்ட என்பதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது" என்கிற பொருளில் ஒரு விளம்பர வாசகம் போலந்து முழுக்கப் பிரபலமானது. எழுதியவர் அட்மிரலை நினைத்து எழுதியிருக்க மாட்டார். ஆனால் அவருக்குத்தான் அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கிறது.

கடைக்குட்டி வில்ஹெல்ம் இன்னொரு கூத்து. குடும்பமே போலிஷாக மாறிக்கொண்டிருந்தபோது இவர் மட்டும், போலந்தோடு தீராப் பகை கொண்டிருந்த உக்ரேனியர்களின் மேல் மயங்கி உக்ரேனியர் ஆகிவிட்டார். பூவேலை செய்த சட்டை, வாசில் என்ற புதுப் பெயர், உக்ரேனியப் படைக்குத் தலைமை. அப்பா போலந்துக்கு ராஜாவாக ஆசைப்பட்டார், பிள்ளைக்கு உக்ரைன் மேல் கண். 1921இல் வில்ஹெல்ம் போலந்தைத் திட்டி ஒரு பேட்டி கொடுக்க, இவன் என் பிள்ளையே இல்லை என்று அப்பா ஊரறியச் சொல்லும்படி ஆயிற்று. வில்ஹெல்மின் முடிவு சிரிக்கிற மாதிரி இல்லை. 1947இல் வியன்னாவில் சோவியத்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் கீவ் சிறையில் செத்தார்.

பிறந்த குழந்தையான போலந்துக் குடியரசு முதல் வேலையாக ஹாப்ஸ்பர்க் சொத்தின் மேல் கை வைத்தது. சில வருட இழுபறிக்குப் பிறகு ஆலை குடும்பத்துக்குத் திரும்பி வந்தது. 1933இல் கரோல் ஸ்டெஃபான் ஜிவியெட்ஸிலேயே காலமானார். பொறுப்பு மூத்த மகன் கரோல் ஓல்பிராக்டுக்கு வந்தது. இவர் முன்னாள் ஆஸ்திரியப் பீரங்கிப்படை அதிகாரி. 1920இல் போல்ஷ்விக்குகளை எதிர்த்துப் போலந்து ராணுவத்தில் நின்றவர். மனைவி அலிஸ் சுவீடன்காரர். ரத்தக் கணக்குப் பார்த்தால் வீட்டில் ஒரு சொட்டு போலிஷ் தேறுவதே கஷ்டம்.

1939இல் ஹிட்லர் படை வந்தது. நாஜிகளுக்கு ஹாப்ஸ்பர்க் என்ற பெயர் சர்க்கரைக் கட்டி. நான் ஜெர்மானியன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும், கோட்டை, காடு, ஆலை எல்லாம் உமக்கே என்றார்கள். தாய்மொழி ஜெர்மன், பாட்டன் முப்பாட்டன் எல்லாம் வியன்னா. இந்த ஊரில் அந்தக் கையெழுத்துக்கு அவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது. கரோல் ஓல்பிராக்ட் நான் போலிஷ்காரன் என்றார். நவம்பரில் கெஸ்டபோ கைது செய்தது. அடித்த அடியில் ஒரு கண் பார்வை போயிற்று, உடம்பில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அப்போதும் அதே பதில்தான். வெளியே அலிஸ் ரகசிய எதிர்ப்பு இயக்கத்துக்கு உதவிக்கொண்டிருந்தார். குடும்பத்தை உழைப்பு முகாமுக்கு அனுப்பிவிட்டு, ஆலையை ஜெர்மானியர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

போர் முடிந்தது, போலந்து பிழைத்தது. கம்யூனிஸ்ட் அரசு வந்தது. நாட்டுக்காகக் கண்ணைக் கொடுத்தவருக்கு என்ன மரியாதை செய்தார்கள்? ஆலையையும் ஜமீனையும் தேசியமயமாக்கினார்கள். நாஜிகள் கணக்கில் அவர் ஜெர்மானியராக இருக்க மறுத்த ஜெர்மானியர், அதனால் பறிமுதல். கம்யூனிஸ்டுகள் கணக்கில் போலிஷ்காரராக இருந்தாலும் ஜமீன்தார், அதனால் பறிமுதல். சித்தாந்தங்கள் இரண்டும் ஒன்றையொன்று கருவறுக்கக் கிளம்பியவை. பீர் ஆலை விஷயத்தில் மட்டும் அபார ஒற்றுமை. கரோல் ஓல்பிராக்ட் மனைவியின் ஊரான சுவீடனுக்குப் போய் 1951இல் அங்கேயே இறந்தார்.

அடுத்த நாற்பத்து சொச்சம் வருடம் ஆலை மக்கள் சொத்து. சரித்திரத்திலேயே முதல் முறையாக முழுக்க முழுக்கப் போலிஷ் முதலாளி! அந்தப் பொற்காலத்தில் நல்ல சரக்கு டாலருக்காகக் கப்பலேறியது, உள்ளூர் மக்களுக்கு வரிசை கிடைத்தது. 1982இல் மக்களை நிதானத்தில் வளர்ப்பது என்ற தலைப்பில் ஒரு சட்டம் போட்டார்கள். பகல் 1 மணிக்கு முன்னால் கடையில் சரக்கு விற்கக் கூடாது. மது விளம்பரமும் கூடாது. இரண்டாவது தடையை நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது. கடையில் எதுவுமே இல்லாத நாட்டில் எதற்கு விளம்பரம்? 12.45க்கே கூடி நின்ற கூட்டம்தான் விளம்பரம்.

1989இல் அந்த ஆட்சி சரிந்தது. சுதந்திரம் கிடைத்த மக்கள் முதல் காரியமாக என்ன செய்தார்கள்? பீர் பிரியர்கள் கட்சி ஆரம்பித்தார்கள். கதை விடவில்லை. யானுஷ் ரெவின்ஸ்கி என்ற நகைச்சுவை நடிகர் தலைமையில் போலிஷ் பீர் நண்பர்கள் கட்சி. வோட்காவில் மூழ்கிய நாட்டைப் பீர் பக்கம் திருப்பினால் குடிப்பழக்கத்தின் கொடுமை குறையும் என்பது கொள்கை. 1991 தேர்தலில் 460 இடங்களில் 16ஐப் பிடித்து நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். நுழைந்ததும் எல்லாக் கட்சிகளையும் போல இவர்களும் இரண்டாக உடைந்தார்கள். ஒன்று பெரிய பீர், இன்னொன்று சின்ன பீர். பெரிய பீர்க்காரர்கள் பிறகு பெயரை மாற்றிக்கொண்டு பொருளாதாரம் பேசப் போய்விட்டார்கள். கட்சி காணாமல் போனது, கொள்கை ஜெயித்தது. அப்போது ஆளுக்கு வருடத்துக்குச் சுமார் 30 லிட்டர் பீர் குடித்த நாடு, இருபது வருடத்தில் அதை மூன்று மடங்காக்கிக் காட்டியது.

அதே 1991இல் வார்சா பங்குச் சந்தை ஏப்ரல் 16 அன்று ஐந்தே கம்பெனிகளுடன் மறுபடி திறந்தது. இடம் எது தெரியுமா? கம்யூனிஸ்ட் கட்சியின் பழைய தலைமை அலுவலகக் கட்டடம். முதலாளித்துவத்துக்குக் குழி வெட்டிய அறைகளில் உட்கார்ந்து பங்கு விலை கூவினார்கள். சில மாதத்தில் ஜிவியெட்ஸ் ஆலையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. 1994இல் நெதர்லாந்தின் ஹைனெகன் வந்து கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக வாங்கியது. பிறகு அந்தப் பங்கு வளர்ந்து ஆலையே அவர்கள் கைக்குப் போனது. அந்த ஆம்ஸ்டர்டாம் கம்பெனி பிறந்தது 1864இல். ஜிவியெட்ஸைவிட எட்டு வயது இளையது. தம்பி அண்ணனை வாங்கிவிட்டான்.

1998இல் இன்னொரு இணைப்பு. பால்டிக் கரைக்குப் பக்கத்தில் எல்பிளாங் நகரத்து ஆலையை ஆஸ்திரேலியர்கள் ஈபி என்ற பெயரில் அமர்க்களமாக நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கும்பலும் ஜிவியெட்ஸோடு சேர்ந்தது. கம்பெனிக்கு இப்போது 1525 என்று லேபிளில் போட்ட லெஷைஸ்க் பீர் சொந்தம், 1478 என்று போட்ட வார்க்கா பீரும் சொந்தம். காசிருந்தால் பூர்வீகமும் மொத்த விலைக்குக் கிடைக்கும். வார்க்கா பீருக்கு ஒரு போப்பாண்டவர் கதையே உண்டு. 1588இல் போலந்துக்குத் தூதராக வந்த ஆல்டோபிராண்டினி என்ற கார்டினல், ரோமுக்குத் திரும்பி, பிறகு எட்டாம் கிளெமென்ட் போப் ஆனார். தொண்டையில் கட்டி வந்து மரணப் படுக்கையில் கிடந்தபோது வார்க்கா பீரின் ஞாபகம் வந்து புனிதமான பீரே என்று முனகினாராம். சுற்றி இருந்த பாதிரிமார் அது ஏதோ ஒரு புனிதரின் பெயர் என்று நினைத்து, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று கோரஸாக ஜெபிக்க, போப்புக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து கட்டி உடைந்து பிழைத்துவிட்டார். இது கட்டுக்கதைதான். ஆனால் ஆவணங்களைவிட நன்றாக விற்கிறது.

விற்பதில்தான் சங்கடம். கம்யூனிசம் போனாலும் 1982 சட்டம் போகவில்லை. கடை நிறையச் சரக்கு, கம்பெனி நிறையப் பணம், விளம்பரத்துக்கு மட்டும் தடை. வழி கண்டுபிடித்தார்கள். தொலைக்காட்சியில் பொன்னிற பீர் நுரைத்துப் பொங்கும், நடிகர் ஆசையாக ஒரு மிடறு விழுங்குவார், திரையின் மூலையில் எறும்பு சைஸ் எழுத்தில் 'ஆல்கஹால் இல்லாதது' என்று வரும், நடிகர் ஒரு கண்ணைச் சிமிட்டுவார். அந்தக் கண் சிமிட்டலில் நாடு முழுக்கப் புரிந்துகொண்டது, அரசாங்கத்தைத் தவிர.

2001இல் அரசுக்கும் புரிந்தது. சட்டத்தைத் திருத்தி இரவு நேரத்தில் மட்டும் பீர் விளம்பரத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆனால் பீரை ஆண்பெண் கவர்ச்சியோடு சேர்த்துக் காட்டக் கூடாது. ஓய்வோடு கூடாது. படிப்போடு, வேலையோடு, வாழ்க்கை வெற்றியோடு, உடல்நலத்தோடு கூடாது. பிறகு மிச்சம் என்னதான் இருக்கிறது? காட்டெருமை இருக்கிறது! போட்டிக் கம்பெனி ஒன்று தன் ஷுப்ர் பீருக்குக் காட்டில் மேய்கிற காட்டெருமையைக் கொண்டுவந்து நிறுத்திப் பல வருடம் கொடிகட்டிப் பறந்தது. காட்டெருமை படிப்பதில்லை, வேலைக்குப் போவதில்லை, வாழ்க்கையில் வெற்றி பெற்றதாகவும் சொல்லிக்கொள்வதில்லை.

அந்தப் போட்டிக் கம்பெனியின் ஜாதகம் எப்படி? அதன் முக்கியச் சரக்கான டிஸ்கியே பீருக்கு 1629 என்ற வருடம். ஜெர்மன் பிரபுக்கள் வைத்திருந்த ஆலை. 1996இல் தென்னாப்பிரிக்கர்கள் வாங்கினார்கள். 2016இல் அவர்களையே ஒரு பெல்ஜியப் பெருமுதலை விழுங்கியது. அளவுக்கு மீறித் தின்கிறாய் என்று ஐரோப்பிய ஆணையம் முதுகில் தட்டவும் கிழக்கு ஐரோப்பியச் சரக்குகளைக் கக்கியது. 2017இல் ஜப்பானின் அசாஹி 730 கோடி யூரோவுக்கு வாரிக்கொண்டது. மூன்றாவது பெரிய ஆளான ஓகோசிம், 1845இல் ஜெர்மனியிலிருந்து வந்த கோட்ஸ் என்பவர் தொடங்கியது. இப்போது டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் கையில். இந்த மூன்றும் சேர்ந்தால் போலந்துச் சந்தையின் பெரும்பகுதி. நம்மவர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். 2021இல் கிங்ஃபிஷரைக் காய்ச்சும் பெங்களூரு கம்பெனியில் பெரும்பான்மைப் பங்கைப் பிடித்ததும் இதே ஹைனெகன்தான்.

இதற்கிடையில் பழைய முதலாளியின் பிள்ளைகள் கணக்குக் கேட்டு வந்தார்கள். அப்பாவிடம் சட்டவிரோதமாகப் பிடுங்கிய ஆலையை அரசு எப்படி விற்கலாம் என்று வழக்கு. வருடக்கணக்கில் நடந்து 2005இல் சமரசம் ஆனது. கரோல் ஓல்பிராக்டின் மகள் மரியா கிறிஸ்டினா வழக்கு முடிகிறவரை காத்திருக்கவில்லை. 2001லேயே ஜிவியெட்ஸுக்குத் திரும்பிவிட்டார். ஊர் அவருக்கு அவர்கள் குடும்பத்துக் கோட்டையிலேயே ஒரு சின்ன வீட்டை ஒதுக்கிக்கொடுத்தது. ஒரு காலத்தில் மொத்தக் கோட்டையும் யாருடையதோ அவர்களுடைய மகள், அதன் ஒரு மூலையில் குடியிருப்பாளர். ஊர்க்காரர்கள் இளவரசி என்றே கூப்பிட்டார்கள். 2012இல் அங்கேயே காலமானார்.

2023இல் ஹைனெகனின் போலந்துக் கம்பெனி லெஷைஸ்க் ஆலையை மூடியது. விற்பனை குறைவு, செலவு அதிகம் என்ற வழக்கமான பாட்டு. 1525 என்ற வருடம் லேபிளோடு வேறு ஆலைக்குக் குடிபோனது. தொழிலாளர்கள் வீட்டுக்குப் போனார்கள். அங்கே ஏதாவது தப்பு நடந்ததா என்றால் இல்லை, கணக்குப் புத்தகம் சரியாகத்தான் இருந்தது.

ஆக, போலந்துக்காரர்களின் புலம்பலில் ஒரு திருத்தம் தேவை. வெளிநாட்டு முதலாளி அவர்களுக்குப் புதிதல்ல, ஆலை பிறந்தபோதே அவன்தான் முதலாளி. யார் வெளியூர்க்காரன் என்பதைப் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஊருக்குக் கெட்ட காலம் வந்தபோது கையெழுத்துப் போட்டுத் தப்பித்தானா, நின்றானா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அப்படிப் பார்த்தால் ஜிவியெட்ஸ் ஆலைக்கு 1856 முதல் இன்றுவரை வாய்த்த உண்மையான போலிஷ் முதலாளி ஒரே ஒருவர்தான். அவர் ஒரு ஹாப்ஸ்பர்க்.